கீழ்வேளூர் மாடுகளின் கொழுப்பைத் தேடி

"மூணு மாடு வாங்கியாச்சு. நீ போன்ல சொன்ன மாதிரியே எண்ணெய் வித்து போட ஆரம்பிச்சிட்டார். எப்ப வர்றே?"

கனடாவில் கோதுமை அறுவடை முடிந்திருந்த ஒரு காலையில் வந்த மின்னஞ்சல் இது. ஆங்கில எழுத்தில் தமிழ். நாகப்பட்டினத்தில் ஏதோ ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருப்பாள் என் தோழி ஜைனப். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஜைனபும் நானும் தஞ்சாவூரில் வேதியியல் பட்டப்படிப்பு ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவள் கீழ்வேளூருக்குக் கல்யாணமாகிப் போனாள். நான் கணவரின் கம்ப்யூட்டர் வேலையோடு கனடாவின் சமவெளிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கே இறைச்சி ஆய்வகம் ஒன்றில் வேலை கிடைத்தது. மாட்டுக்கு என்ன தீனி போட்டால் அதன் கொழுப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வகம். அங்கே ஆளிவிதை ஏக்கர் கணக்கில் நீலப்பூ பூத்துக் கிடக்கும். அந்த விதையை உடைத்து மாட்டுக்குப் போட்டால், மீனில் இருப்பதாகச் சொல்லும் ஒமேகா-3 வகைக் கொழுப்பு மாட்டுக் கறியிலும் கொஞ்சம் ஏறும். இதைத்தான் போன வருடம் போனில் ஜைனபிடம் பெருமையாகச் சொன்னேன். அவசரத்தில் ஆளிவிதை என்று சொல்லாமல் "எண்ணெய் வித்து" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அவள் கணவர் ஜமால் குவைத்திலிருந்து திரும்பி எள் செக்கு வைத்திருப்பவர். அவருக்கு எண்ணெய் வித்து என்றால் எள்.

உடனே பதில் போட்டேன். "ஒரு மாட்டுக்கு எள்ளுப் புண்ணாக்கு. இன்னொன்றுக்கு உடைத்த ஆளிவிதை. மூன்றாவதுக்கு வைக்கோலும் தவிடும் மட்டும். வேறெதுவும் வேண்டாம். நான் பொங்கலுக்கு வருகிறேன்." எங்கள் ஆய்வகத் தலைவி கேட்டுவிட்டுச் சிரித்தார். "மூன்றே மாடுகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும்தானே?" என்றவர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கலவை இருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை என் கையில் வைத்து, "ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியாது" என்றார்.

பொங்கலுக்கு ஊர் வந்த முதல் நாள் திருக்காட்டுப்பள்ளியில் அண்ணன் வீடு. சம்பா கதிர் தலை சாய்ந்து நின்றது. இரண்டு பக்கமும் அந்தப் பச்சை மஞ்சளைப் பார்த்ததும் விமானக் களைப்பெல்லாம் போயிற்று. கனடா வயலுக்கு முடிவே கிடையாது, ஆனால் அதில் ஒரு மனிதரைப் பார்ப்பது அபூர்வம். இங்கே வரப்புக்கு ஒருவர் நின்று "எப்ப வந்தே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வைத்திருந்தாள். நெய் விரலில் வழிய நான் மூன்றாவது கரண்டி போட்டுக்கொண்டபோது, மெதுவாக விஷயத்தை எடுத்தேன்.

"அண்ணே, நாளன்னிக்கு ஒரு சின்னப் பெட்டி கொண்டு வருவேன். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜுல வெச்சுக்கலாமா?"

"என்ன பெட்டி?"

"மாட்டுக் கொழுப்பு."

அண்ணன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். அவர் சத்தம் போடும் ஆள் இல்லை. "மங்கை, நீ அங்க என்ன வேலை பாக்குறன்னு ஊர்ல கேட்டா லேபுன்னு மட்டுந்தான் சொல்லி வெச்சிருக்கேன். போன வருஷம் டிராக்டர் வாங்கினப்ப நம்ம ஜோடி மாட்டக் குடுத்தேன். யாருக்குப் போச்சுன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத. அம்மா படம் இருக்கற வீட்டுல அது வேணாம்."

எனக்கு வாதாடத் தோன்றவில்லை. பெட்டி நேராகத் தஞ்சாவூரில் நான் விசாரித்து வைத்திருந்த கல்லூரி ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும் என்று அப்போதே முடிவானது.

மறுநாள் காலை தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். நான் ஊரை விட்டுப் போகும்போது இருந்த எஸ்.டி.டி. பூத்துகளில் பாதி இப்போது பிரௌசிங் சென்டர். மளிகைக் கடை வாசல்களில் எல்லாம் பாமாயில் டின் அடுக்கியிருந்தது. பின்சீட்டில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மகன் சிங்கப்பூரில் வெல்டராம். மற்றவர் மகன் சவூதியில். "எம்மவன் மாடு மேய்க்க மாட்டேன்னான். இப்ப அங்க ஒட்டகத்தப் பாத்துக்கறான்" என்றார் சவூதிக்காரர். பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார்.

கீழ்வேளூரில் இறங்கியதும் ஜைனப் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வாடி, கனடாக்காரி! எலும்பும் தோலுமா வந்திருக்கே. அங்க சோறு கெடைக்காதா?" வீட்டுக்குப் போனதும் சூடாக இறால் வாடாவும், நெய் மணக்கும் தம்ரூட் இனிப்பும் வந்தன. நாங்கள் பேசிய வேகத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கடித்தேன்.

ஜமால் அண்ணன் செக்கிலிருந்து வந்தார். உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். முழங்கை வரை எண்ணெய் மினுமினுப்பு. "வாங்க தங்கச்சி, உங்க மாடுங்கள வந்து பாருங்க" என்றார். என் மாடுகள்!  ஐந்து வருடமாக மாட்டுக் கொழுப்போடு வேலை பார்க்கிறேன். எனக்கு வருவதெல்லாம் எண் ஒட்டிய கண்ணாடிக் குழாய்கள். உயிரோடு, வால் ஆட்டிக்கொண்டு, என் ஆய்வு மாடு ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் மூன்றும் நின்றன. மூன்றும் உழைத்து ஓய்ந்த உழவு மாடுகள். டிராக்டர் வந்த பிறகு விற்கப்பட்டவை. வயதாகிவிட்டது, வேலைக்கு ஆகாது என்று கால்நடை டாக்டர் எழுதிக் கொடுத்தவை. எள்ளுப் புண்ணாக்கு தின்றது கொழுகொழுவென்று பளபளத்தது. ஆளிவிதை தின்றதும் அப்படித்தான். தவிட்டு மாடு மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கண் தெளிவாக இருந்தது. நான் நெருங்கியதும் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது.

"நாலு மாசமா ஒரு நாள் தவறல" என்றார் ஜமால். "ஆளிவிதை இங்க நாட்டு மருந்துக் கடையில பொட்டலம் பொட்டலமாத்தான் கெடைக்கும். வடக்கேருந்து மூட்டை வரவழைச்சேன். முழுசாப் போட்டா சாணியில அப்படியே வருது. அதனால அரவையில ஒரு ஓட்டு ஓட்டி உடைச்சுப் போட்டேன்."

இதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. எங்கள் ஆய்வகத்தில் பாடமாகச் சொல்லும் விஷயத்தை அவர் சாணியைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார்.

அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் என் உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. பாமாயில் வந்த பிறகு செக்கு எண்ணெய் வாங்க ஆள் குறைந்துவிட்டது. புண்ணாக்கும் தேங்குகிறது. பெரிய ஆலைகளில் மருந்து போட்டு எண்ணெயை ஒட்ட உறிஞ்சிய சக்கை மலிவாக வருவதால் பால்மாடு வைத்திருப்பவர்கள் அதை வாங்குகிறார்கள். செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருக்கும். அந்த எண்ணெய் மாட்டுக் கொழுப்பை நல்லதாக மாற்றும் என்றால், வயதான மாடுகளை வாங்கி நாலு மாதம் தேற்றிக் கறிக்குக் கொடுக்கலாம். நாகப்பட்டினத்தில் காதர் மாஸ்டர் என்று ஒரு பிரியாணிக்காரர். ஆய்வகத் தாள் ஒன்று இருந்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு நெஞ்சுவலி. எல்லோரையும் டாக்டர் கறி சாப்பிடாதே என்கிறார்.

"இது சரியா வரலன்னா?" என்று கேட்டேன்.

"குவைத்துல பழைய கம்பெனியே விசா அனுப்பியிருக்கு. அடுத்த வாரம் ஏஜெண்டுக்குப் பதில் சொல்லணும்." அவர் சொல்லிவிட்டு எள்ளு மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றார். ஜைனப் தரையைப் பார்த்தாள். "அவரு இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் போனில் அவசரமாகச் சொன்ன இரண்டு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் விசாவைத் தள்ளி வைத்திருக்கிறார். அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்.

"அண்ணே, நான் சொன்னது ஆளிவிதை. எள்ளுல அந்த வகைக் கொழுப்பு இல்ல. அதோட, மாட்டோட முதல் வயிறு இருக்கே, அங்க கோடிக்கணக்கா கிருமி இருக்கு. தின்ன எண்ணெயப் புடிச்சு, ஹைட்ரஜன் ஏத்தி, கெட்டிக் கொழுப்பா ஆக்கிடும். தப்பிச்சு வர்றது கொஞ்சந்தான்."

ஜைனப் நிமிர்ந்தாள். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய ஜைனப். "அதாவது வயித்துக்குள்ளயே ஒரு வனஸ்பதி ஃபாக்டரி?"

"அதேதான்!"

"அப்ப எள்ளுக்கு ஒண்ணுமே கெடைக்காதா?" என்றார் ஜமால்.

"தெரியாதுண்ணே. பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப பாத்துருவோம்" என்றார் அவர்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நாகப்பட்டினம். மாடு அறுக்கும் இடத்தை அங்கே மாட்டுத்தொட்டி என்கிறார்கள். நான் வெளியே நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை, அதை மறைக்கவும் இல்லை. முந்தின நாள் துப்பட்டாவை இழுத்த மாடு உள்ளே போகும்போது ஒரு தரம் திரும்பியது. நான் கடல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கனடாவில் நான் திறக்கும் ஒவ்வொரு குழாய்க்குப் பின்னாலும் இப்படி ஒரு காலை இருந்திருக்கிறது.

காதர் மாஸ்டர் அங்கேதான் அறிமுகமானார். சின்ன உருவம், பெரிய குரல். வெள்ளைத் தொப்பி, வெற்றிலைச் சிவப்பு. மூன்று மாட்டிலிருந்தும் ஒரே இடத்துக் கொழுப்பையும் சதையையும் வெட்டி, கலந்துவிடாமல் தனித்தனிப் பையில் போட்டு, அவரே நூல் கட்டிக் கொடுத்தார். வெள்ளை நூல் தவிடு, கறுப்பு நூல் எள், சிவப்பு நூல் ஆளிவிதை. "தங்கச்சி, தாள்ல நல்ல வார்த்தையாப் போட்டுக் குடுங்க. சுவத்துல மாட்டணும். 'இதயத்துக்கு இதமான கறி'ன்னு போர்டு எழுதவே சொல்லிட்டேன்" என்றார்.

தெர்மாகோல் பெட்டியில் பைகளை வைத்து, மேலே ஐஸ் கொட்டி, டேப் ஒட்டி, தஞ்சாவூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "மீனா?"

"மீன் மாதிரி" என்றேன். அவர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்தபடி நகர்ந்தார்.

திருவாரூர் வரை எல்லாம் சரி. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. ஊருக்குள் வந்து இந்தக் கேட்டில் நிற்காமல் போன பஸ் உண்டா என்று எனக்குத் தெரியாது. கடலை விற்பவர், முறுக்கு விற்பவர், வெள்ளரிப் பிஞ்சு விற்பவர் எல்லோரும் அந்தக் கேட்டை நம்பித்தான் இருக்கிறார்கள். ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை. இன்ஜின் மட்டும் தனியாக வந்து, நின்று, யோசித்து, பின்னால் போயிற்று. அப்போதும் திறக்கவில்லை. கடைசியில் திறந்தபோது எங்கள் பஸ் கிளம்பவில்லை. டிரைவர் சாவியைத் திருப்பினார், அது இருமிவிட்டு அடங்கியது. "எல்லாரும் எறங்குங்க, வேற வண்டி மாத்தி விடறோம்."

உச்சி வெயில். இறங்கி நின்றேன். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அந்த வகைக் கொழுப்பு சூடு பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். நாலு மாதத் தீனி, மூன்று மாடு, ஒரு விசா எல்லாம் என் செருப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தன. அந்த நேரத்துக்கு அழுகைதான் வந்தது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் வேன் நின்றது. பின்கதவில் ஐஸ் புகைந்தது. ஓடினேன். டிரைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் ஐஸ் குடுப்பீங்களா? அவசரம்."

"என்ன மீனும்மா?"

"மீன் இல்லண்ணே. மாட்டுக் கொழுப்பு."

"கொழுப்பா? அத எதுக்கு ஐஸுல?"

"மீன்ல ஒரு சத்து இருக்குல்ல? அது இந்தக் கொழுப்புல இருக்கான்னு பாக்கப் போறேன்."

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு என்னையும் பெட்டியையும் பார்த்தார். "ஏம்மா, எங்கிட்ட வண்டி நெறைய மீனே இருக்கு. அத விட்டுட்டு மாட்டுக்குள்ள மீனத் தேடறியா?" சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டு கூடை ஐஸ் அள்ளிக் கொட்டினார். அதோடு விடவில்லை. அவர் போவதும் தஞ்சாவூர் மீன் மார்க்கெட்டுக்குத்தான். "ஏறு முன்னால" என்றார். சங்கரா, வஞ்சிரம், கிழங்கான் எல்லாவற்றோடும் நானும் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அவர் ஒவ்வொரு மீனுக்கும் என்ன சத்து என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குத் தெரிந்ததைவிட ருசியைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. இறக்கிவிடும்போது, "உன் மாட்டுல மீன் இருந்தா எனக்கும் சொல்லு, நான் தொழில மாத்திக்கறேன்" என்றார்.

நான் விசாரித்து வைத்திருந்த கல்லூரியில் கொழுப்பைப் பிரித்துக் காட்டும் இயந்திரம் இருந்தது. அதன் பொறுப்பாளர் சேகர் என் வாடையை முகர்ந்ததும் ஓரடி பின்னால் போனார். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இந்த மெஷின வாங்கினதுலேருந்து பசங்க பரீட்சைக்குத்தான் ஓடுது மேடம். நெஜமா ஒரு கேள்வியோட வந்த முதல் ஆள் நீங்கதான்." அன்று மாலையே கொழுப்பைக் கரைத்து, வடித்து, இயந்திரத்துக்குப் போடுகிற பதத்துக்கு மாற்றி, குளிர்பெட்டியில் வைத்தோம்.

நான்காம் நாள் காலை. கனடாவில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நான் காபி குடிக்கப் போய்விடுவேன். இங்கே உருளும் காகிதத்தில் ஒரு பேனா கோடு போடும். கொழுப்பின் ஒவ்வொரு வகை வெளியே வரும்போதும் பேனா ஒரு மேடு ஏறி இறங்கும். முதலில் என் கண்ணாடிக் குப்பியை ஓட்டி, எந்த மேடு எங்கே வரும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டோம். நாங்கள் தேடுவது கடைசிப் பக்கம் வரும் ஒரு சின்ன மேடு.

முதலில் எள். பெரிய மேடுகள் வரிசையாக வந்தன. கொழுப்பு கொஞ்சம் இளகியிருப்பது தெரிந்தது, அது நல்லதுதான். பென்சில் குறி நெருங்கியது. நானும் சேகரும் காகிதத்தின் மேல் குனிந்தோம். பேனா நேராகப் போயிற்று. ஏதோ ஒரு நெளிவு, அவ்வளவுதான். தெரிந்த விடைதான். பென்சிலைக் கீழே வைத்தேன்.

இரண்டாவது ஆளிவிதை. குறிக்குப் பக்கத்தில் வந்தபோது கரண்ட் போயிற்று.

சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். கரண்ட் வந்து, இயந்திரம் மறுபடி சூடேறி, முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை பேனா குறியைத் தொட்டதும் ஏறியது. ஏறிக்கொண்டே போய், இறங்கியது. "மேடம்!" என்று சேகர் கத்தினார். நானும் கத்தினேன். கனடாவில் இதே மேட்டை நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

மூன்றாவது தவிடு. ஒப்பீட்டுக்காகத்தான். வைக்கோலும் தவிடும் தின்ற மாட்டில் என்ன இருக்கப்போகிறது? நான் டிபன் டப்பாவைத் திறந்து புளிசாதத்தில் கை வைத்திருந்தேன். "மேடம், இங்க வாங்க" என்றார் சேகர். அவர் குரலே மாறியிருந்தது. பேனா ஏறிக்கொண்டிருந்தது. ஆளிவிதையின் மேட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பைகள் மாறிவிட்டனவா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளை நூல்தான். மறுபடி ஓட்டினோம். மறுபடியும் ஏறியது.

பூத்துக்கு ஓடி ஜைனபுக்குப் போன் போட்டேன். "ஜைனப், தவிட்டு மாட்டுக்கு வேற என்ன குடுத்தீங்க?"

"எந்த மாட்டுக்கு?"

"ஜைனப்!"

"திட்டாத மங்கை. மத்த ரெண்டும் நல்லா திங்குது. இது மட்டும் வெறும் வைக்கோலப் பாத்துட்டு என்னையே பாக்கும். பாவமா இருந்துச்சு. அவரு செக்குக்குப் போனதும் வாய்க்கால் கரையில கொண்டுபோய்க் கட்டிருவேன். சாயங்காலம் வரைக்கும் புல்லு மேஞ்சிட்டு வரும். தினமும்."

பசும்புல்! மழை முடிந்து வாய்க்கால் கரையெல்லாம் முழங்கால் உயரம் நிற்கும் புல். பச்சை இலையில் அந்த வகைக் கொழுப்பு உண்டு. தினமும் வயிறு நிறையத் தின்றால் கறியில் சேரத்தான் செய்யும். எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததை அவள் பரிதாபத்தில் செய்திருந்தாள். "திட்டலடி, முத்தம் குடுக்கணும் போல இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

ஐந்தாம் நாள் மறுபடி நாகப்பட்டினம், காதர் மாஸ்டரின் கடை. ஜைனபும் ஜமால் அண்ணனும் கீழ்வேளூரிலிருந்து வந்திருந்தார்கள். சேகரும் நானும் கையெழுத்துப் போட்ட தாளை ஜமால் அண்ணனிடம் கொடுத்தேன். உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தேன். எள்ளுப் புண்ணாக்கில் கொழுப்பு சற்று இளகியிருக்கிறது, ஒமேகா-3 ஏறவில்லை. ஆளிவிதையிலும் பசும்புல்லிலும் ஏறியிருக்கிறது. மூன்று மாடுகளை மட்டும் பார்த்தது, இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

அவர் இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி தங்கச்சி. அப்ப குவைத்துக்குக் கெளம்ப வேண்டியதுதான்."

"அண்ணே, நான் அன்னிக்கு போன்ல சரியாச் சொல்லியிருந்தா..."

"நீங்க சொல்லலன்னா இந்த நாலு மாசம் நான் அங்க இருந்திருப்பேன். இங்க இருந்தேன்ல" என்றார் அவர்.

மாஸ்டர் இதையெல்லாம் காதில் வாங்காமல் அடுப்பில் மூன்று சின்னச் சட்டிகளை ஏற்றியிருந்தார். ஐஸில் எடுத்து வைத்திருந்த மூன்று மாட்டுக் கறியும் தனித்தனியாக. உப்பும் மிளகும் மட்டும். "தாள நீங்க பாத்தீங்க, கறிய நான் பாக்கணும்ல?" என்றார். கறி வெந்து முடிய வெகுநேரம் ஆனது. மூன்று தட்டு வந்தது.

நான் கறியே சாப்பிடாத வீட்டில் பிறந்தவள். ஐந்து வருடமாக ஆய்வகத்தில் அதைத் தொட்டும் வாயில் வைத்ததில்லை. ஜைனப், "நீ வேணாம்டி, சும்மா இரு" என்றாள். ஆனால் இத்தனை தூரம் தூக்கிச் சுமந்துவிட்டு, ருசி தெரியாமல் ஊர் திரும்புவது எனக்கே நியாயமாகப் படவில்லை. எடுத்தேன்.

சிவப்பு நூல் முதலில். ஆளிவிதை. நாக்கில் பட்டதும் பின்னால் லேசாக ஒரு வாடை, புது பெயிண்ட் அடித்த கதவு மாதிரி. அந்தக் கொழுப்பின் குணம் அது, சமைத்தால் எட்டிப் பார்க்கும். மாஸ்டர் தட்டைத் தள்ளிவிட்டார். "இது உடம்புக்கு நல்லதா இருக்கும். என் கடைக்கு ஆகாது."

வெள்ளை நூல். புல்லு மாடு. சுத்தமான ருசி, ஆனால் சதை வறண்டு நார் நாராக இருந்தது. "குழம்புக்கு ஆகும்" என்றார்.

கறுப்பு நூல். எள். மாஸ்டர் ஒரு துண்டை மென்றார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டு எடுத்தார். நானும் எடுத்தேன். சொல்லத் தெரியவில்லை. மெத்தென்று, நெய் மணத்தோடு, மிளகு மட்டும் போட்டதற்கே அப்படி ஒரு ருசி. எனக்கு ஒப்பிட வேறு கறி தெரியாது. ஆனால் தட்டு காலியானது என்னால்தான்.

"ஜமாலு, இதே மாதிரி ரெண்டு மாடு மாசா மாசம் குடு" என்றார் மாஸ்டர். "தாளும் வேணாம், கீளும் வேணாம். போர்டு மட்டும் மாட்டிக்கறேன்."

"போர்டு வேணாம் பாய்."

"ஏன்? எழுதியாச்சே!"

"எள்ளு மாட்டுக் கறி நெஞ்சுக்கு நல்லதுன்னு தாள் சொல்லல. நெஞ்சுவலிக்காரன் நம்பித் தின்னா, அது என் மேலதான் வரும். ருசியா இருக்குன்னு சொல்லி வித்துக்கங்க."

 கறி விலைபோகும் வழி ஒன்றை இந்த ஆள் தன் கையாலேயே அடைக்கிறாரே என்று எனக்குப் பதறியது. மாஸ்டர் பல்லைக் குத்திக்கொண்டே, "போர்டு இல்லாமயும் எனக்குக் கூட்டம் வரும்யா" என்றார்.

நான் இடையில் புகுந்தேன். "அண்ணே, காலையில வாய்க்கால் கரைப் புல்லு, சாயங்காலம் எள்ளுப் புண்ணாக்கு. ரெண்டும் சேர்த்துக் குடுத்துப் பாருங்க. ருசியும் இருக்கலாம், அந்தச் சத்தும் கொஞ்சம் வரலாம். வரும்னு இப்ப சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

ஜமால் சிரித்தார். ஆனால் தயக்கம் போகவில்லை. வாடகை வேனில் கீழ்வேளூர் திரும்பும்போது, மாதம் இரண்டு மாட்டை நம்பி விசாவை விடுவதா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. ஜைனப் வழக்கம்போல "உங்க இஷ்டம்" என்றாள். பிறகு கொஞ்ச தூரம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

செக்கு வாசலில் இறங்கினோம். உள்ளே மரக்கட்டை எள்ளை அரைக்கும் முனகல் சத்தம். ஜமால் நேராக உள்ளே போய் எண்ணெய் வழியும் இடத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் இருந்த போன் அடித்தது. ஜைனப்தான் எடுத்தாள். கேட்டதுமே யாரென்று அவள் முகத்தில் தெரிந்தது. ஏஜெண்ட்.

"அவருதான? இருக்கார்" என்றாள். ஜமால் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஜைனப் போனை நீட்டவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, போனில் சொன்னாள்.

"செக்குல இருக்கார். நாளைக்கும் இங்கதான் இருப்பார். நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

 ஜமால் புண்ணாக்கு அள்ளும் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.